நைரோபி முதல் கேப்டவுன் வரை: லாரியில் ஆறு வாரம்

ஆப்பிரிக்காவின் பெயர்பெற்ற இயற்கைக் காட்சிகளை விமானத்தில் தாவித் தாவிப் பார்ப்பவர்கள் உண்டு. கிழக்கிலிருந்து தெற்கு முனை வரை தரையோடு தரையாகச் சென்று பார்ப்பவர்களும் உண்டு. நானும் என் மனைவியும் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுத்து, ஜூன் நடுவில் நைரோபியில் ஒரு லாரியில் ஏறி, ஜூலை இறுதியில் கேப்டவுனில் இறங்கினோம். 42 நாட்களில் கென்யா, தான்சானியா, மலாவி, சாம்பியா, போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளைக் கடந்தோம். இடையில் எங்கள் சொந்தச் செலவில் ஒரு பகல் ஜிம்பாப்வேக்கும் போய்வந்தோம். இந்த வழித்தடத்தில் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே முறையில் பயணங்களை நடத்துகின்றன. நாங்கள் சென்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இந்த முறைப் பயணம் எப்படிப்பட்டது, எந்த இடத்தில் அது கொடுத்த பணத்துக்கு மேல் தருகிறது, எந்த இடத்தில் குறைவைக்கிறது என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் அதன் விளம்பரக் கையேட்டை நம்பிப் போகக் கூடாது. அந்தக் கையேட்டில் விக்டோரியா அருவி பெருவெள்ளத்தோடு கொட்டுகிறது, தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் லட்சக்கணக்கான விலங்குகள் ஆற்றைக் கடக்கின்றன, போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோச் சதுப்புநிலம் நீர் நிறைந்து கிடக்கிறது, கேப்டவுனின் மேசை மலையின்மேல் ஒரு முகில்கூட இல்லை. இவை நான்கும் உண்மையே. ஆனால் நான்கையும் ஒருவர் ஒரே பயணத்தில் பார்க்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பருவம் உண்டு. எந்த மாதத்தில் புறப்பட்டால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைப் பணம் வாங்குமுன் சொல்வது நிறுவனத்தின் கடமை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பேருந்து அன்று. சரக்கு லாரியின் அடிச்சட்டத்தின்மேல் 22 இருக்கைகளோடு கட்டப்பட்ட உயரமான கூண்டு. இருக்கை உயரமாக இருப்பதால் புல்வெளியையும் வேலிக்கு அப்பாலும் தடையில்லாமல் பார்க்கலாம். வண்டியின் பக்கவாட்டுப் பலகையைத் திறந்தால் அடுப்பு, பாத்திரங்கள், மடக்கு நாற்காலிகள், கூடாரங்கள் எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டுநர், வழிகாட்டி, சமையல்காரர் என மூவர் உடன் வருகிறார்கள். இருவருக்கு ஒரு கூடாரம். அதை அடித்து நிறுத்துவதும் காலையில் பிரித்துச் சுருட்டுவதும் நம் வேலை. காய்கறி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, வண்டியைப் பெருக்குவது ஆகியவற்றுக்கு முறை வைத்திருந்தார்கள். தூங்குபையை நாமே கொண்டுபோக வேண்டும். அது குளிர் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று எண்ணி மெல்லிய பையோடு வந்த பிரிட்டன் இளைஞர்கள் இருவர், முதல் வாரத்திலேயே ஸ்வெட்டரையும் கோட்டையும் போட்டுக்கொண்டுதான் தூங்கினார்கள்.

சைவம் உண்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. எங்கள் சமையல்காரர் கென்யாக்காரர். சப்பாத்தி இடுவதில் அவருக்கு இருந்த கைத்திறம் எங்கள் வீட்டில் எவருக்கும் இல்லை; கிழக்கு ஆப்பிரிக்காவில் சப்பாத்தி பல தலைமுறைகளுக்கு முன்பே இந்தியக் குடியேறிகளிடமிருந்து அவ்வூர் அடுப்புக்குப் போய்விட்ட உணவு. மக்காச்சோள மாவில் கிண்டும் களிதான் வழி முழுவதும் முதன்மை உணவு. கென்யாவிலும் தான்சானியாவிலும் அது உகாலி, மலாவியில் ந்சீமா, சாம்பியாவில் ந்ஷிமா, ஜிம்பாப்வேயில் சட்சா, தென்னாப்பிரிக்காவில் பாப். கேழ்வரகுக் களியைக் கையால் உருட்டி, கட்டைவிரலால் குழித்து, கீரையைத் தோய்த்து உண்ணப் பழகியவர்களுக்கு இந்தச் சாப்பாட்டில் எந்த அந்நியமும் இல்லை. எங்கள் இருவருக்கும் பருப்பும் அவரையும் தனியாக வேக வைத்துக் கொடுத்ததை நன்றியோடு நினைக்கிறேன்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை சில உள்ளன. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். கென்யா போன்ற நாடுகளிலிருந்து சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்தில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும், அதன்பின் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்க விசாவை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். கையில் கொண்டுபோகும் டாலர் தாள்கள் பழைய அச்சாக இருந்தால் அந்தப் பக்கத்தில் பல இடங்களில் வாங்க மறுக்கிறார்கள். கட்டணம் இரண்டு கூறாக இருப்பதையும் கவனிக்க வேண்டும்: முன்பதிவின்போது செலுத்துவது ஒன்று, முதல் நாள் வழிகாட்டியிடம் டாலராகக் கொடுக்கும் பொதுச்செலவு இன்னொன்று. இவை தவிர, 'விருப்பத்தின்பேரில்' என்று குறிக்கப்பட்டவை எல்லாம் தனிக் கணக்கு. அப்படிக் குறிக்கப்பட்டவற்றில் சில, அந்த ஊருக்குப் போய்விட்டுப் பார்க்காமல் வரக்கூடாதவை. இந்தக் குறையை அருவிக்கு வரும்போது மீண்டும் எடுக்கிறேன்.

நைரோபியிலிருந்து தெற்கே சென்று தான்சானியாவின் அருஷாவை அடைந்ததும் லாரியை விட்டுவிட்டு ஜீப்புகளில் ஏறினோம். ங்கோரொங்கோரோவின் சரிவில் பெரிய வண்டிகள் இறங்க முடியாது. சுமார் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பேரெரிமலை தன் உள்ளிருந்ததை எல்லாம் கக்கிவிட்டு, தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் தனக்குள்ளேயே இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. விளிம்பு உடையாமலும் உள்ளே நீர் நிறைந்து ஏரியாகாமலும் எஞ்சியிருக்கும் இத்தகைய எரிமலைப் பள்ளங்களில் உலகிலேயே பெரியது. ஏறத்தாழ 600 மீட்டர் ஆழம், 260 சதுர கி.மீ. பரப்பு. விளிம்பு கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் அளவு உயரத்தில் இருப்பதால், ஜூன் மாத விடியலில் நாங்கள் பார்த்தது மூடுபனியை மட்டுமே. எதிரே நின்ற ஜீப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. சரிவில் வளைந்து வளைந்து இறங்கும்போது ஒரு கட்டத்தில் பனி தலைக்கு மேலே போய்விட்டது. கீழே வெயில் பட்ட புல்தரை, நடுவில் வெளிறிய சோடா ஏரி, சுற்றிலும் சுவர் எழுப்பியதுபோல் மலை. அந்த ஒரு கணத்துக்காக மட்டுமே இந்தப் பயணத்தை மறுபடியும் செய்வேன் என்று என் மனைவி அன்றைக்குச் சொன்னாள், இன்றும் சொல்கிறாள்.

பள்ளத்தின் உள்ளே கறுப்புக் காண்டாமிருகம் ஒன்றைத் தொலைவில் கண்டோம். யானைகளில் பெரும்பாலும் நீண்ட தந்தமுடைய முதிய ஆண்கள்தாம் இருந்தன. ஒட்டகச்சிவிங்கி ஒன்றுகூட இல்லை. செங்குத்தான சரிவும் உள்ளே அவற்றுக்கு ஏற்ற மரங்கள் குறைவாக இருப்பதும் காரணம் என்று ஜீப் ஓட்டுநர் விளக்கினார். மாலை ஆறு மணிக்குள் எல்லா வண்டிகளும் மேலே ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் எங்களை நண்பகல் கழிந்ததுமே மேலே அழைத்து வந்துவிட்டார்கள், காரணம் அன்றிரவே செரெங்கெட்டிக்குள் முகாம். பனி விலகிப் பள்ளம் முழுவதும் தெளிந்திருந்த பிற்பகலை இழந்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கட்டணத்திலேயே மிகுந்த பங்கு இந்த மூன்று நாட்களுக்குத்தான் போகிறது. இங்கே ஒரு நாளைக் கூட்டி வேறிடத்தில் ஒரு நாளைக் குறைக்கலாம்.

செரெங்கெட்டி என்பது மாசாய் மொழியில் முடிவில்லாமல் விரியும் நிலம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நாபி குன்றின்மேல் நின்றபோது அந்தப் பெயருக்கு உரை தேவைப்படவில்லை. அந்தத் தெற்குச் சமவெளியில் மரம் வளராததற்குக் காரணம், அருகிலுள்ள எரிமலைகள் காலங்காலமாகத் தூவிய சாம்பல். மேல்மண்ணுக்குக் கீழே அது இறுகிப் பாறைபோல் ஆகிவிட்டதால் மரத்தின் வேர் துளைத்து இறங்க முடிவதில்லை; புல் மட்டும் வளர்கிறது. அந்தப் புல்லில் சுண்ணச்சத்தும் பிற தாதுக்களும் மிகுந்திருப்பதால்தான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வைல்டுபீஸ்ட் விலங்குகள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை அங்கே வந்து கன்று ஈனுகின்றன. ஜூன் நடுவில் அவை மேற்கிலும் வடக்கிலும் போய்விட்டிருந்தன. நாங்கள் தங்கிய செரொனெரா, பூங்காவின் நடுப்பகுதி. சிங்கங்களைக் கண்டோம், உருண்டைக் கருங்கல் குன்று ஒன்றின் உச்சியில் படுத்திருந்த பெண் சிங்கமும் மூன்று குட்டிகளும் அரைமணி நேரம் எங்களைப் பொருட்படுத்தாமல் இருந்தன. இரவில் வேலியில்லாத முகாமைச் சுற்றிக் கழுதைப்புலிகள் ஊளையிட்டன. ஆனால் கையேட்டின் அட்டையில் இருந்த பெருங்கூட்டத்தைக் காணவில்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் பிப்ரவரியில் தெற்கே போக வேண்டும், அல்லது ஆகஸ்ட், செப்டம்பரில் வடக்கே மாரா ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். நடுவில் நின்று கொண்டு ஜூன் மாதத்தில் தேடினால் கிடைக்காது.

5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவைச் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி. மோஷியைத் தாண்டும்போது மாலையில் சிறிது நேரம் முகில் விலகியது. உச்சியில் இருந்த பனிமூடல் 1912-க்குப் பிறகு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரைந்துவிட்டது. எஞ்சியிருப்பது நெற்றியில் இட்ட திருநீறு வியர்வையில் அழிந்ததுபோல் கீற்றாகத்தான் தெரிந்தது. சான்சிபாரில் மூன்று இரவுகள் கொடுத்தார்கள். அழகான தீவு, நல்ல கடற்கரை. ஆனால் கூடாரத்தில் தூங்கிக் களைத்தவர்களுக்கு ஓய்வு என்பதைத் தாண்டி இந்தப் பயணத்தின் நோக்கத்தோடு அது ஒட்டவில்லை.

மலாவி ஏரி வேறு. கிழக்கு ஆப்பிரிக்காவின் நிலம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை நைரோபிக்கு அருகே ஒரு சரிவின் விளிம்பில் நின்று உலர்ந்த பள்ளமாகப் பார்க்கலாம். அதே பிளவின் தென்பகுதி மலாவியில் நீரால் நிறைந்து, 706 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரியாக இருக்கிறது. லாரியில் வந்தவர்களுக்கு இந்தத் தொடர்ச்சி கண்ணெதிரே விரிகிறது. விமானத்தில் வந்து இறங்கியிருந்தால் அது எங்களுக்கு வெறும் ஏரியாகவே இருந்திருக்கும். கரையில் நாணல் பரண்களின்மேல் உசிப்பா என்னும் சிறு மீன்களைக் காயப்போட்டிருந்தார்கள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நெத்திலி காயும் அதே மணம். நீந்தும் ஆசை எவருக்கும் வரும். ஆனால் ஏரியின் கரையோர நீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி நோய் உண்டு. எங்கள் குழுவினர் குளித்து முடித்த பிறகுதான் வழிகாட்டி அதைச் சொன்னார். இது சிறு பிழை என்று விட்டுவிட முடியாது. மருந்து எளிதில் கிடைக்கிறது என்றாலும், நீரில் இறங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை பயணிக்கு இருக்க வேண்டும்.

சாம்பியாவின் லிவிங்ஸ்டன் நகரை அடைவதற்கு முன்பே அருவி தெரிந்துவிட்டது, புகையாக. மோசி-ஓ-துன்யா, 'முழங்கும் புகை' என்பது அங்குள்ள மக்கள் வைத்த பெயர். 1855 நவம்பரில் வந்து பார்த்த டேவிட் லிவிங்ஸ்டன் தம் அரசியின் பெயரை அதற்குச் சூட்டினார். இரண்டு பெயர்களில் எது பொருத்தம் என்று அங்கே போய் நின்றவர்களிடம் கேட்கத் தேவையில்லை. 1,708 மீட்டர் அகலத்துக்குச் சாம்பெசி ஆறு முழுவதும் ஒரே வரிசையில் 108 மீட்டர் கீழே விழுகிறது. உயரத்தால் மட்டும் பார்த்தாலோ அகலத்தால் மட்டும் பார்த்தாலோ இதை மிஞ்சும் அருவிகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விழும் நீரின் ஒற்றைத் திரையாக இதற்கு நிகர் இல்லை.

அருவி என்றால் மலையிலிருந்து ஊருக்குள் இறங்குவது என்ற எண்ணத்தோடு போனவன் நான். இங்கே மலையே இல்லை. தட்டையான சமவெளியில் அகன்று சோம்பலாக வரும் ஆறு, தன் குறுக்கே கிடக்கும் ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிடுகிறது. பழைய எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட் பாறையில் இயல்பாகவே வெடிப்புகள் இருந்தன. அவற்றை நிரப்பியிருந்த மென்மையான பொருளை ஆறு அரித்து எடுத்தது; ஒரு வெடிப்பில் அருவியாக விழுந்து, அதன் ஒரு பகுதியைப் பின்னோக்கி அரித்து அடுத்த வெடிப்பை அடைந்ததும், அருவி அங்கே இடம்பெயர்ந்தது. இப்போதைய அருவிக்குக் கீழே வலமும் இடமுமாக மடிந்து மடிந்து போகும் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் அருவி இருந்த கோடு. மேற்கு ஓரத்தில் பாறை மற்ற இடங்களைவிடத் தாழ்ந்து, நீர் மிகுந்த விசையோடு பாயும் இடத்தில் அடுத்த அருவிக்கான வெட்டு தொடங்கிவிட்டதாக நில இயலாளர்கள் கருதுகிறார்கள். எதிர்ப்பாறையின் விளிம்பில் நடந்துகொண்டே இதை ஒரு வழிகாட்டி விளக்கியபோது, நான் பார்ப்பது நிற்கும் காட்சி அன்று, நடந்துகொண்டிருக்கும் வேலை என்று தோன்றியது. எதிர்ப்பாறை அருவிக்கு மிக அருகில் இருப்பதால், எழும் சாரல் அங்கே ஆண்டு முழுவதும் மழையாகவே பெய்கிறது. சுற்றிலும் காய்ந்த புதர்க்காடு. அந்த ஒரு கீற்றில் மட்டும் பச்சைப் பசேலென்ற மழைக்காடு.

நிறுவனம் எங்களைத் தங்க வைத்தது சாம்பியக் கரையில். நுழைவுச்சீட்டும் அந்தக் கரைக்கு மட்டுமே. ஆனால் அருவியின் நெடுந்தோற்றத்தில் முக்கால் பங்கு ஜிம்பாப்வேக் கரையிலிருந்துதான் தெரிகிறது. எல்லையைக் கடந்து, 1905-இல் கட்டப்பட்ட இரும்புப் பாலத்தின்மேல் நடந்து போக வேண்டும். ஆறு அங்கே 128 மீட்டர் கீழே ஓடுகிறது. விசா, நுழைவுக் கட்டணம் எல்லாம் கைச்செலவு. திரும்பிச் சாம்பியாவுக்குள் நுழைய விசாவில் இடமிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் ஆறு பேர் செலவை எண்ணிப் போகவில்லை. அருவிக்காகவே வந்தவர்கள் அதன் கால் பங்கை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதுதான் இதன் பொருள். 'விருப்பத்தின்பேரில்' என்ற சொல் இந்த இடத்தில் இருக்கவே கூடாது.

ஜூலை முதல் வாரம் அருவிக்கு மிக ஏற்ற காலம். ஏப்ரலில் வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது சாரல் மறைத்து அருவியே தெரியாமல் போவதுண்டு. அக்டோபர், நவம்பரில் சாம்பியப் பக்கத்தின் பெரும்பகுதி வெறும் பாறைச் சுவராகிவிடும். நாங்கள் போனபோது நீரும் இருந்தது, பார்வையும் இருந்தது. முழுநிலவை ஒட்டிய இரவுகளில் பூங்காவைத் திறந்து வைத்து, நிலவொளியில் சாரலில் எழும் வானவில்லைக் காட்டுகிறார்கள். நாங்கள் சென்ற வாரம் அமாவாசையை ஒட்டி அமைந்துவிட்டது. தேதி குறிக்குமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கலாம் என்று இருவருமே நினைத்தோம்.

அங்கிருந்து மேற்கே, 2021-இல் திறக்கப்பட்ட கசுங்குலா பாலத்தின் வழியாகச் சாம்பெசியைக் கடந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைந்தோம். முன்பு மிதவைப் படகுக்காக லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்த இடம் அது. சோபே ஆற்றில் ஒரு மாலை முழுவதும் படகில் இருந்து, குட்டிகளோடு நீந்திக் கடக்கும் யானைகளைப் பார்த்தோம்.

ஒக்கவாங்கோவைப் பற்றி நான் நிறுவனத்தை முழுமனத்தோடு பாராட்டுகிறேன். ஆறு என்றால் கடலில் சேர வேண்டும் என்ற விதிக்கு இந்த ஆறு கட்டுப்படவில்லை. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்யும் மழை, ஏறக்குறைய சரிவே இல்லாத நிலத்தில் மாதக்கணக்கில் ஊர்ந்து, கலகாரிப் பாலைவன மணலில் விசிறிபோல் விரிந்து, ஆவியாகியும் செடிகொடிகளால் உறிஞ்சப்பட்டும் அங்கேயே முடிந்துவிடுகிறது. வெள்ளம் மவுன் நகருக்கு அருகே வந்து சேர்வது ஜூன், ஜூலையில். அதாவது அங்கே ஒரு துளி மழையும் இல்லாத வறண்ட குளிர்காலத்தில். சுற்றுவட்டார விலங்குகள் எல்லாம் நீரைத் தேடி அங்கே வருவதற்கு இதுவே காரணம். 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் 1000-ஆவது இடமாக இது சேர்க்கப்பட்டது.

மொகோரோ என்னும் ஒடுக்கமான ஓடத்தில் இருவர் இருவராக உட்கார வைத்து, பின்னால் ஒருவர் நின்று கழியால் ஊன்றித் தள்ளிச் செல்கிறார். முன்பு பெருமரங்களைக் குடைந்து செய்தார்கள். மரத்தைக் காப்பதற்காக இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்கிறார்கள். ஓடத்தின் விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே நீர். முகத்துக்கு நேரே ஆம்பல் பூக்கள், பாப்பிரஸ் கோரை. அடியில் மணல் தெளிவாகத் தெரிகிறது. ஒரு தீவில் இரண்டு இரவு தங்கினோம். அந்தத் தீவுகளில் பல, கறையான் புற்றிலிருந்து தொடங்கியவை என்று ஓடக்காரர் சொன்னார். புற்று நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டியதும் அதில் மரம் முளைக்கிறது. மரங்கள் நீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்பு தீவின் நடுவில் தேங்குகிறது. அதனால் விளிம்பில் சோலையும் நடுவில் வெளிறிய பொட்டலுமாகத் தீவு அமைகிறது. மறுநாள் காலை நடந்து போனபோது அந்தப் பொட்டலை நேரில் காட்டினார். அவரும் அவருடைய ஊராரும்தான் அங்கே எங்களை நடத்திச் சென்றார்கள்; நிறுவனம் தன் ஆட்களைத் திணிக்காமல் அவர்களிடமே பொறுப்பை விட்டது மிகச் சரியான முடிவு. இந்தப் பயணத்தில் ஒரு மணித்துளியும் வீணாகாத பகுதி இதுதான்.

நமீபியாவுக்குள் நுழைந்ததும் சாலையில் தூசு, இரவில் உறையும் குளிர். எதோஷாவின் உப்புப் படுகை ஏறத்தாழ 4,800 சதுர கி.மீ. பரப்புள்ள வெள்ளைத் தரை. அதன் ஓரத்தில் ஒக்காக்குயோ முகாமில் விளக்கொளி பாய்ச்சிய நீர்நிலை ஒன்று இருக்கிறது. போர்வையைப் போர்த்திக்கொண்டு அங்கே கல் பெஞ்சில் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தோம். இரண்டு கறுப்புக் காண்டாமிருகங்கள் வந்து நீர் அருந்திய ஓசை எங்களுக்குக் கேட்டது. அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் பேசவில்லை.

சோசஸ்வ்லேயில்தான் எனக்கும் நிறுவனத்துக்கும் உண்மையான மனத்தாங்கல். நமீப் பாலைவனத்தின் மணற்குன்றுகள் சூரியன் எழும் அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் செம்மையாகவும் மறுபக்கம் கருநிழலாகவும் இரண்டாக வகிர்ந்து நிற்கின்றன. அதைக் காணத்தான் உலகம் அங்கே வருகிறது. செஸ்ரியம் என்னும் இடத்தில் பூங்காவுக்கு இரண்டு வாயில்கள். உள்வாயிலுக்குள் இருக்கும் முகாமில் தங்கியவர்கள் விடியலுக்கு முன்பே புறப்படலாம். வெளியே தங்கியவர்கள் சூரியன் எழும்வரை வாயிலில் நிற்க வேண்டும், அதன்பின் 60 கி.மீ. போக வேண்டும். எங்களை வெளியே தங்க வைத்தார்கள். நாங்கள் 45-ஆம் எண் குன்றை அடைந்தபோது வெயில் ஏறி, நிழல் பாதியாகக் குறைந்துவிட்டது. முகாம் வாடகையில் கொஞ்சம் மிச்சம் பிடிப்பதற்காக, ஆறு வாரப் பயணத்தின் சிறந்த காலைகளில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பதிவு செய்யுமுன் 'செஸ்ரியமில் உள்வாயிலுக்குள் தங்குவோமா?' என்ற ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தும் டெட்வ்லே எங்களை ஏமாற்றவில்லை. ஒருகாலத்தில் சௌசாப் ஆற்றின் வெள்ளம் வந்து தேங்கிய களிமண் தரை அது. வேலமர வகையைச் சேர்ந்த மரங்கள் அங்கே வளர்ந்தன. பிறகு மணற்குன்றுகள் நகர்ந்து ஆற்றின் வழியை அடைத்துவிட, மரங்கள் பட்டுப்போயின. அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் மட்குவதற்குக்கூட ஈரம் இல்லாததால் வெயிலில் கருகிக் கறுத்து நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வெள்ளைத் தரை, கறுப்பு மரம், செம்மணல், நீல வானம். இடையில் வேறு நிறமே இல்லை. மணலின் செம்மைக்குக் காரணம் மணித்துகள்மேல் படிந்த இரும்புத் துரு. கடற்கரையை விட்டு உள்ளே போகப் போக மணல் பழையது, நிறமும் ஆழமானது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மேலும் நான்கு நாள் கழித்துத்தான் உறைத்தது. தென்னாப்பிரிக்க எல்லையில் ஆரஞ்சு ஆற்றின் கரையில் கூடாரம் அடித்தோம். இந்த ஆறுதான் உள்நாட்டிலிருந்து மணலை அட்லாண்டிக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வடக்கு நோக்கிய கடல் நீரோட்டம் அதைக் கரையோரமாக இழுத்துச் செல்கிறது. தென்காற்று கரையிலிருந்து அள்ளி உள்ளே கொண்டுபோய்க் குன்றாகக் குவிக்கிறது. குன்றைப் பார்த்துவிட்டு அதன் தாயாற்றில் வந்து கைகழுவியது, தரைவழியாக வந்ததால் மட்டுமே கிடைத்த பேறு. வழியில் மீன் ஆற்றுப் பள்ளத்தாக்கு என்னும், 160 கி.மீ. நீளமும் 550 மீட்டர் வரை ஆழமும் கொண்ட பிளவின் விளிம்பில் ஒரு மாலை நின்றோம். மே முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மட்டும் அதன் அடியில் நடக்க அனுமதி உண்டு. பல நாள் நடைக்கான நேரம் இந்த அட்டவணையில் இல்லை.

கேப்டவுனை அடைந்த மாலையே லாரிப் பயணம் முடிந்துவிடுகிறது. அட்டவணையில் மேசை மலைக்கென்று ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை. நாங்கள் முன்யோசனையோடு மூன்று இரவுகள் கூடுதலாகத் தங்க ஏற்பாடு செய்திருந்தோம். ஜூலை அங்கே மழைக்காலம். வடமேற்கிலிருந்து வரும் மழை முகில், 1,086 மீட்டர் உயரமுள்ள அந்தத் தட்டை மலையை இரண்டு நாட்கள் முழுவதுமாக விழுங்கியிருந்தது. 1929 முதல் இயங்கும் கேபிள் கார் காற்றுக்கும் முகிலுக்கும் அஞ்சி நின்றுவிடும். ஆண்டுப் பராமரிப்புக்காக அதை மூடுவதும் பெரும்பாலும் இதே குளிர்காலத்தில்தான். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு விடுதி ஜன்னலைத் திறந்தபோது மலை முழுவதும் தெரிந்தது. கேபிள் கார் ஓடவில்லை. பிளாட்டெக்லிப் என்னும் பிளவின் வழியாகக் கற்படிகளில் ஏறினோம். இளையவர்கள் இரண்டு மணி நேரத்தில் ஏறுகிறார்கள், எங்களுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. லாரியில் உடன் வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே விமானம் ஏறிவிட்டிருந்தார்கள். அட்டவணை முடியும் தேதிக்கே அவர்களுக்குப் பயணச்சீட்டு எடுக்கச் சொல்லியிருந்தார்களாம்.